சாக்குப் பையும் சர் பட்டமும்

நான் சிறுவனாக இருந்தபோது மார்கழி விடுமுறைக்கு அன்னூரில் என் அப்புச்சி வீட்டுக்குப் போவது வழக்கம். வீடு ஊருக்குள் இல்லை, தோட்டத்துச் சாளைதான். வடமேற்கே நீலகிரி மலை நீலமாகப் படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் அந்தத் திக்கிலிருந்து இறங்கி வரும் குளிர், போர்வையை மதிக்காது, கதவையும் மதிக்காது. நாங்கள் உள்ளே ஜமக்காளத்தின் மேல் வரிசையாகப் படுத்து, ஒரே கம்பளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

வெளியே ஆட்டுப் பட்டிக்குக் காவல் படுப்பவர் ஒரு கிழவர். அவருக்கு ஜமக்காளமும் இல்லை, கம்பளியும் இல்லை. பருத்தி மூட்டை கட்டிய பெரிய சாக்கு ஒன்று இருந்தது. அதற்குள் இரண்டு காலையும் விட்டு, மார்பு வரையில் இழுத்துக்கொள்வார். இன்னொரு சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான், பனி கொட்டுகிற பொட்டல் வெளியில் குறட்டை கேட்கும்.

ஒரு நாள் விடியற்காலையில் நான் அவரிடம், “ஏனுங் தாத்தா, குளுரலீங்களா?” என்று கேட்டேன்.

“சாக்குக்குள்ள பூந்துட்டா குளுரு எங்க கண்ணு வரும்? இது ராசா மெத்தை அல்லோ!” என்றார்.

ராசா மெத்தை என்று அவர் சொன்னதை நான் வெகு காலம் வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால், ஏறக்குறைய அதே யோசனையை வைத்து ஒருவர் பேடண்டு வாங்கி, ராஜாக்களுக்கும் ராணுவத்துக்கும் சரக்கு விற்று, ஒரு மகாராணியின் கையால் சர் பட்டமும் பெற்ற கதையைப் பின்னால் படித்தபோது எனக்குக் கிழவரின் நினைவு வந்தது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அது வேல்ஸ் தேசத்தில் தொடங்கினாலும், முடிகிற இடம் நமது கொங்கு நாட்டுக்கு அந்நியமானதல்ல.

வேல்ஸின் நடுப்பகுதியில், ஸெவர்ன் நதிக்கரையில் நியூடவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயர்தான் புதிய ஊர்; ஊர் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஃபிளானல் என்னும் மெல்லிய கம்பளித் துணி நெசவு அமோகமாக நடந்தது. ‘வேல்ஸின் லீட்ஸ்’ என்றே அதைச் சொல்வார்களாம். வீடுகளின் அமைப்பே விசித்திரமானது. கீழே நெசவாளியின் குடும்பம் வாழும். மேல் மாடி முழுவதும் வெளிச்சம் வருவதற்காக வரிசையாக ஜன்னல்கள் வைத்த தறிக்கூடம். நமது ஊர்களில் குழித்தறியும் குடித்தனமும் ஒரே கூடத்தில் இருக்கும். அங்கே தறி தலைக்கு மேல் இருந்தது. மற்றபடி, விடிந்ததிலிருந்து கேட்கும் சத்தமும், வாரக் கடைசியில் கூலிக்காகக் காத்திருக்கும் முகங்களும் எல்லா நெசவு ஊர்களுக்கும் பொதுவே அல்லவா?

இந்த ஊரில் 1771-ஆம் ஆண்டில், குதிரைச் சேணம் செய்து விற்ற ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் ராபர்ட் ஓவன். பத்து வயதுக்கெல்லாம் துணிக்கடை வேலைக்கு வெளியூர் போனவர். பிறகு ஸ்காட்லாந்தில் நியூ லானர்க் என்ற இடத்தில் பெரிய பஞ்சாலையை நடத்தி, தொழிலாளிகளுக்கு வீடும் பள்ளியும் கட்டிக் கொடுத்து உலகத்தை வியக்க வைத்தவர். ‘உழைக்கிறவர்கள் ஒன்று கூடித் தாங்களே தொழிலையும் வியாபாரத்தையும் நடத்த வேண்டும்’ என்பது அவருடைய சித்தாந்தம். அதற்காகச் சொத்தில் பெரும் பகுதியைச் செலவழித்தார்; அமெரிக்கா வரையில் போய் ஒரு புது சமுதாயத்தை அமைத்துப் பார்த்தார்; அது கலைந்து போயிற்று. கடைசியில் எண்பத்தேழாவது வயதில் பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, 1858-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கேயே கண்ணை மூடினார்.

மறு வருஷம், அதாவது 1859-ல், அதே ஊரில் இருபத்தைந்து வயது வாலிபர் ஒருவர் தம் பெயரில் துணிக்கடை வைத்தார். பெயர் பிரைஸ் ஜோன்ஸ். இவரும் பன்னிரண்டாவது வயதிலேயே துணிக்கடையில் வேலை கற்கச் சேர்ந்தவர்தாம். நாவலாசிரியன் ஒருவன் இப்படி எழுதினால், ‘கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டாமா?’ என்று வாசகர்கள் கேட்பார்கள். ஒரே ஊர், ஒரே விதமான ஆரம்பம், ஒருவர் போன மறு வருஷம் இன்னொருவர் கடை திறக்கிறார். ஆனால் இருவரும் போன பாதைகள் நேர் எதிரானவை. ஓவன் எல்லோருக்குமாக ஒரு தொழிலைக் கனவு கண்டார். ஜோன்ஸ் தம் குடும்பத்துக்காக ஒரு தொழிலைக் கட்டினார்.

ஜோன்ஸ் கடை வைத்த காலம் ஊருக்கு நல்ல காலம் அல்ல. இங்கிலாந்தின் வடக்கே ராச்டேல் என்ற ஊரில் இயந்திரத் தறிகள் ஃபிளானலை மலிவாக நெய்து குவித்துக்கொண்டிருந்தன. நியூடவுனின் மாடித் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வந்தன. ஏற்கெனவே 1839-ல் பக்கத்து ஊராகிய லானிட்லோஸில் பசித்த நெசவாளிகள் கலகம் செய்து, பட்டாளம் வந்து அடக்க நேர்ந்தது. இந்த நிலைமையில் ஜோன்ஸ் கவனித்த விஷயம் ஒன்றுண்டு. ஊருக்கு ரயில் வந்துவிட்டது. தபாலோ முன்பே ஒரு பென்னிக்கு நாடெங்கும் போகிறது. ‘வாடிக்கைக்காரர் கடைக்கு வர வேண்டும் என்பது என்ன சாஸ்திரம்? கடை அவர் வீட்டுக்குப் போகட்டுமே!’ என்று நினைத்தார். துணி மாதிரிகளையும் விலைப் பட்டியலையும் தபாலில் அனுப்பினார். உத்தரவு தபாலில் வந்தது. சரக்கு ரயிலில் போயிற்று. இன்றைக்கு நம் வீட்டு வாசலில் தினமும் பார்சல் கொண்டு வந்து கொடுக்கும் வியாபாரங்களுக்கெல்லாம் அவர் ஒரு பாட்டனார் என்று சொல்லலாம். மருத்துவத் தாதியாகப் புகழ் பெற்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அவருடைய வாடிக்கைக்காரர். விக்டோரியா மகாராணியும் வாடிக்கைக்காரர். 1880-க்குள் வாடிக்கைக்காரர்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

1876-ல் அவர் பேடண்டு வாங்கிய பொருள்தான் நம் கதாநாயகன். அதற்கு ‘யுக்ளீசியா கம்பளி’ என்று கிரேக்கச் சாயலில் பெயர் வைத்தார். நல்ல படுக்கை என்பது போல் பொருள். வேல்ஸ் கம்பளி விரிப்பு ஒன்று. அதன் தலைமாட்டில் ஓரமாக ஒரு பை. பைக்குள் காற்று ஊதிக்கொள்ளும் ரப்பர்த் தலையணை. படுத்தபின் மீதிக் கம்பளியை மேலே மடித்துப் பொருத்திக்கொண்டால், மனிதன் அதற்குள் பொட்டலம்போல் அடங்கிவிடுவான். எழுந்தால் சுருட்டித் தூக்கிக்கொண்டு போகலாம். விற்பனைக்கென்று மொத்தமாகச் செய்து குவிக்கப்பட்ட முதல் படுக்கைப் பை இதுதான் என்று சொல்வதுண்டு.

இது போன்ற யோசனை வேறு யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆல்ப்ஸ் மலை ஏறியவர்கள் அதற்கு முன்பே கம்பளிப் பைகளைச் செய்து பார்த்திருந்தார்கள். நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 1878-ல் பிரான்ஸின் மலைப் பிரதேசத்தில் நடந்து போவதற்காக, வெளியே நீர் புகாத வண்டித் துணியும் உள்ளே ஆட்டு ரோமமுமாக ஒரு படுக்கை மூட்டை தைத்துக்கொண்டார். அது அவரால் தூக்க முடியாத பாரமாகிவிட்டது. மூட்டையைச் சுமக்க ஒரு கழுதை வாங்கினார். பிறகு கழுதையை நடத்துவதே பெரிய பாடாகி, அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எழுத்தாளன் கையில் சிக்கும் பொருள் லாபம் தராவிட்டாலும் புத்தகமாவது தரும்!

ஜோன்ஸ் எழுத்தாளர் அல்லவே. அவர் ராணுவங்களைப் பார்த்தார். 1877-ல் ருஷ்யாவுக்கும் துருக்கிக்கும் யுத்தம் மூண்டது. இன்றைய பல்கேரியாவில் இருக்கும் பிளெவ்னா என்ற ஊருக்குள் துருக்கித் தளபதி உஸ்மான் பாஷா புகுந்து, மண் அரண் கட்டி உட்கார்ந்துகொண்டார். ருஷ்யர்கள் ஜூலை மாதம் தாக்கினார்கள், தோற்றார்கள். மறுபடியும் தாக்கினார்கள், மறுபடியும் தோற்றார்கள். பிறகு ஊரைச் சுற்றி வளைத்து முற்றுகை இட்டார்கள். இலையுதிர் காலம் போய்க் குளிர்காலம் வந்தது. வெட்ட வெளியில் லட்சக்கணக்கான சிப்பாய்கள். குண்டுக்குத் தப்பினாலும் உறைபனிக்குத் தப்ப முடியாது.

ருஷ்ய ராணுவத்திடமிருந்து நியூடவுனுக்கு உத்தரவு வந்தது: அறுபதாயிரம் யுக்ளீசியாக் கம்பளிகள்!

அந்தச் செய்தி எட்டிய நாளில் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஓய்ந்து கிடந்த ஊருக்கு அறுபதாயிரம் கம்பளி என்றால், அது உத்தரவா, தேவ வாக்கா? அடுப்பு எரியும், கடன் அடையும், நின்று போன கலியாணம் நடக்கும். எங்கோ ஓர் ஊரில் மனிதர்கள் குளிரில் விறைத்ததால் இன்னோர் ஊரில் உலை கொதித்தது. யுத்தம் என்னும் வியாபாரியின் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

ஆனால் டிசம்பர் 10-ஆம் தேதி உஸ்மான் பாஷா சரணடைந்தார். பிளெவ்னா விழுந்தது. முற்றுகை முடிந்தது, சிப்பாய்களுக்கு அது நல்ல செய்தி. நியூடவுனுக்கோ மீதிக் கம்பளிகள் வேண்டாம் என்ற தகவல் வந்தது. பதினேழாயிரம் கம்பளிகள் ஜோன்ஸின் கையில் நின்றுவிட்டன.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. பதினேழாயிரம் என்பது வெறும் எண் அல்ல. அதற்குள் ஆட்டு ரோமம் இருக்கிறது, சாயம் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக எத்தனையோ பேருடைய பகலும் இரவும் இருக்கின்றன. பெரிய உத்தரவு ரத்தானால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் ஒரு தொழிலின் குணம் தெரியும்.

ஜோன்ஸ் தளர்ந்துவிடவில்லை. அவரிடம் பட்டியலும் தபாலும் ஒரு லட்சத்தை நெருங்கும் வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள். மீந்த கம்பளிகளை மலிவான படுக்கையென்று விளம்பரம் செய்து, ஏழைகளுக்கு உதவும் தர்ம ஸ்தாபனங்களுக்கு விற்றார். பிரிட்டிஷ் ராணுவமும் பிற்பாடு வாங்கியது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வெளிகளில் ஆடு மேய்த்துத் திரிந்தவர்கள் வரை அந்தப் படுக்கை போய்ச் சேர்ந்தது. சக்கரவர்த்தியின் சேனைக்காக நெய்தது, கடைசியில் ஆட்டிடையனின் படுக்கையாயிற்று! அன்னூர்க் கிழவர் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்.

அதன் பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஏறுமுகந்தான். 1879-ல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே செங்கல்லால் மாளிகை போன்ற கிட்டங்கி எழுந்தது. ‘ராயல் வெல்ஷ் வேர்ஹவுஸ்’ என்று பெயர். 1883-ல் பார்சல் தபால் ஏற்பட்டதும் வியாபாரம் இன்னும் பெருகியது. 1887-ல் மகாராணி சர் பட்டம் அளித்தார். பிரைஸ் ஜோன்ஸ் என்ற சாதாரணப் பெயர் அன்று முதல் பிரைஸ்-ஜோன்ஸ் என்ற வம்சப் பெயராயிற்று. அவர் பார்லிமெண்டு அங்கத்தினரானார். அவருக்குப் பின் மூத்த மகனும் ஆனார். கனடாவின் கால்கரி நகரத்தில்கூட அந்தக் குடும்பத்தின் பெயரில் கடை திறந்தார்கள். 1920-ல் பெரியவர் காலமானார். 1930-களின் மந்தத்தில் வியாபாரம் ஆட்டங்கண்டது. 1938-ல் லிவர்பூலைச் சேர்ந்த பெரிய கடைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். ஒரு தலைமுறை கட்டியது, அடுத்த தலைமுறையோடு கை மாறிற்று. கோயம்புத்தூர்ச் சீமையில் பிறந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பாட்டன் ஆலை வைப்பதும், அப்பன் அதைப் பெருக்குவதும், பேரன்மார் பாகம் பிரிப்பதும் நாம் பார்க்காத காட்சியா?

கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆனால் யுக்ளீசியாக் கம்பளி? அத்தனை ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. 2010-ல் பி.பி.சி.யார் பழைய பேடண்டுப் படத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று தைக்கச் செய்தார்கள். பேடண்டு வாங்கியவரின் பெயர் இருக்கிறது; படம் இருக்கிறது. நெய்தவர்களின் பெயர்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஓவனின் கனவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது வளர்ந்த இடம் விசித்திரமானது. நியூடவுனின் தறிகளை ஓய வைத்த அதே ராச்டேலில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, இருபத்தெட்டுப் பேர் தலைக்கு ஒரு பவுனாகச் சேர்த்து ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள். ஓவனின் கொள்கையில் ஊறியவர்கள் சிலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. கூட்டுறவு இயக்கம் உலகமெங்கும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தக் கடையைத்தான். எந்த ஊர் இயந்திரம் நெசவாளியின் சோற்றைப் பறித்ததோ, அந்த ஊரிலேயே நெசவாளியின் மருந்தும் முளைத்தது.

அந்த விதை அறுபது ஆண்டுகளில் சென்னைக்கு வந்தது. 1904-ல் திருவல்லிக்கேணியில் ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியது. 1935-ல் கைத்தறி நெசவாளர்களுக்காக மாகாணக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைப்பது அதைத்தான். 1941-ல், யுத்த காலத்தில், திருப்பூர் குமரன் பிறந்த ஊராகிய சென்னிமலையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. அதை வளர்த்தவர் எம்.பி. நாச்சிமுத்து, 1983-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். சென்டெக்ஸ் என்ற பெயரில் அவர்கள் விற்றது என்ன தெரியுமோ? படுக்கை விரிப்பும் போர்வையும்! கொங்கு நாட்டு மணப்பெண்ணின் சீர்வரிசையில் சென்னிமலைப் போர்வை இடம் பிடித்துக்கொண்டது.

அங்கும் சரக்குத் தேங்குவதுண்டு. தள்ளுபடி விற்பனைக்காகப் பண்டிகையை எதிர்பார்த்து மூட்டைகள் காத்துக் கிடப்பதுண்டு. சங்கத்திலும் பூசல் உண்டு, மெத்தனம் உண்டு. கூட்டுறவு என்ற பெயர் வைத்ததனால் மனிதர்கள் தேவர்களாகிவிடுவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சரக்குத் தேங்கினால், அது ஏன் தேங்கிற்று என்று கேட்க நெய்தவனுக்கு அங்கே உரிமை உண்டு. நஷ்டத்தில் பங்கு இருப்பதுபோல் பேச்சிலும் பங்கு உண்டு. நியூடவுனின் மாடித் தறிக்காரனுக்கு, ருஷ்யாக்காரன் உத்தரவை ஏன் ரத்து செய்தான் என்று கேட்க வழி இருந்ததா? அடுத்த வாரம் வேலை இல்லை என்பது மட்டுந்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

பவானியில் ஜமக்காளம் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அகலத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கித் தள்ளுகிறார்கள். முரட்டு நூல், பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் ஒரே ஜமக்காளத்தில் சாய்ந்து கதை பேசுவார்கள். அதை நெய்த இருவரில் ஒருவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். மற்றொருவர் அவர் மனைவியாகவோ மகனாகவோ இருப்பார். உண்மையில் குடும்பத் தொழில் என்றால் இதுவல்லவா குடும்பத் தொழில்? முதலாளியின் குடும்பத்தைப் பற்றி நாம் சரித்திரம் எழுதுகிறோம். தறிக்காரனின் குடும்பத்தைப் பற்றிக் கணக்குப் புத்தகந்தான் எழுதுகிறது.

1985-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைப்பது அதன் நோக்கம். அந்தப் பட்டியலைப் பார்த்தால், சேலை வேட்டிகளோடு படுக்கை விரிப்பு இருக்கிறது, ஜமக்காளம் இருக்கிறது, முரட்டுக் கம்பளியும் இருக்கிறது. மனிதன் தூங்குவதற்கு வேண்டிய மூன்றும் கைத்தறிக்காரனுக்கு என்று எழுதி வைத்தார்கள். எதிர்த்து வழக்காடினார்கள், 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் கடைத் தெருவில், விசைத்தறியில் ஓடிய ஜமக்காளம் பவானிப் பெயரைச் சூடிக்கொண்டு பாதி விலைக்கு வருகிறது. நியூடவுனை ராச்டேல் வென்ற கதைதான். வேஷம் மட்டும் வேறு.

படுக்கை என்பது சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. 1962-ஆம் ஆண்டு அக்டோபரில், இமாலயத்தின் நாம்கா சூ ஆற்றங்கரையில், கோடைக்கால உடையோடு நமது ஜவான்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பதினாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். போதிய கம்பளி இல்லை. சண்டை தொடங்கும் முன்பே குளிர் அவர்களோடு சண்டையிட்டுவிட்டது. பிளெவ்னாவுக்கும் நாம்கா சூவுக்கும் எண்பத்தைந்து வருஷ இடைவெளி. சாதாரண மனிதனைக் குளிரில் நிறுத்துகிறவர்கள் எப்போதும் வேறு இடத்தில், வெதுவெதுப்பான அறையில்தான் இருக்கிறார்கள்.

அன்னூர்க் கிழவர் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புச்சியின் சாளையும் இல்லை. பட்டி இருந்த இடத்தில் இப்போது விசைத்தறிக் கொட்டகை ஒன்று ஓடுகிறது. சென்ற மார்கழியில் அந்தப் பக்கம் போனபோது, இரவு முறை முடித்த பையன் ஒருவன் கொட்டகை வாசலில் படுத்திருந்தான். வடக்கத்திப் பிள்ளை; பிழைக்க வந்தவன். நூல் மூட்டை வந்த பெரிய பிளாஸ்டிக் சாக்கு ஒன்றுக்குள் இரண்டு காலையும் விட்டு, மார்பு வரையில் இழுத்துக்கொண்டு, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. என்ன துணி என்று எட்டிப் பார்த்தேன். படுக்கை விரிப்பு.